முதலில் நிலம், பிறகு ரயில்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில் வீட்டுக்குள் மாதிரி ரயில் பாதை அமைப்பதைப் பற்றி எழுதியிருந்தேன். ரயிலை வாங்குவதற்கு முன் அது ஓடப்போகும் இடத்தைத் தீர்மானியுங்கள் என்பதுதான் அதில் நான் வற்புறுத்திய செய்தி. அதைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதியவர்களில் சிலருக்கு இங்கே பதில் சொல்கிறேன். பணிக்காலம் முழுவதும் ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் இருந்தவன் நான். தண்டவாளம், ஜல்லி, மதகு, மழைநீர் வடிகால் என்று பார்த்தே பழகிய கண். அதனால் என் பதில்கள் இன்ஜினைவிடத் தரையைப் பற்றித்தான் அதிகம் பேசும்.

கேள்வி: எங்கள் ஃபிளாட்டில் ஆறரை அடி நீளம், இரண்டரை அடி அகலத்தில் ஒரு மேசை போட மட்டுமே இடம் இருக்கிறது. எச்ஓ (HO) அளவில் தொடங்குவதா, ‘என்’ (N) அளவில் தொடங்குவதா?
— வாசகர், அம்பத்தூர்

பதில்: எச்ஓ என்பது 1:87, அதாவது நிஜ ரயிலில் எண்பத்தேழில் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. ‘என்’ அளவு 1:160, இடைவெளி 9 மி.மீ. சென்னை ஐசிஎஃப் தொழிற்சாலையில் செய்த நம் ரயில் பெட்டியின் உடல் நீளம் 21.3 மீட்டர் என்பதால், எச்ஓவில் அது இருபத்துநாலரை சென்டிமீட்டர் வரும், ‘என்’ அளவில் பதின்மூன்றுதான். வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப் போல மூன்று மடங்காவது இருந்தால்தான் பார்க்க ரயில் போலிருக்கும். இல்லாவிட்டால் பெட்டியின் மூலைகள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். இந்தக் கணக்குப்படி எச்ஓவில் சுற்றுப்பாதைக்கு ஒன்றரை மீட்டர் அகலம் வேண்டும். உங்கள் மேசை 75 சென்டிமீட்டர். ரயில் சுற்றிச் சுற்றி ஓட வேண்டும் என்றால் உங்களுக்கு ‘என்’ அளவுதான். அதிலும் இரு முனைகளிலுள்ள வளைவுகளை 30 சென்டிமீட்டர் ஆரத்தில் போட்டு, ஒரு குன்றுக்கோ தோப்புக்கோ பின்னால் மறைத்துவிடுங்கள்.

ஆனால் சுற்றத்தான் வேண்டுமா? எனக்குப் பிடித்தது வேறு முறை. சுவரோரம் முப்பது, நாற்பது சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பலகை. அதில் எச்ஓவில் ஒரு கிளைப்பாதையின் கடைசி ஸ்டேஷன். ஒரு பிளாட்பாரம், ஒரு லூப் லைன் (பக்கத்தில் பிரிந்துபோய் மறுபடி சேரும் தடம்), ஒரு சரக்குத் தடம். குன்றுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் தடத்திலிருந்து மூன்று பெட்டி வண்டி மெதுவாக வந்து நிற்கும். இன்ஜினைக் கழற்றி, சுற்றிக் கொண்டுவந்து, மறுமுனையில் மாட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த வேலை ஒரு மாலைப்பொழுதை நிறைத்துவிடும்.

மேம்பாலம் மட்டும் இந்த மேசையில் வேண்டாம். ஒரு தடத்தின் மேல் இன்னொரு தடம் போக எச்ஓவில் சுமார் 9 சென்டிமீட்டர் ஏற வேண்டும். நூற்றுக்கு மூன்று என்ற ஏற்றமே மாதிரி இன்ஜினுக்குப் போதும். அதற்கே மூன்று மீட்டர் நீளம் தேவைப்படும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் பிராட் கேஜ் 1,676 மி.மீ. அதை 87ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்கு மேல் வரும். கடையில் கிடைக்கும் 16.5 தண்டவாளத்தில் நம் பெட்டியை வைத்தால் கால் ஒடுங்கியது போலத் தெரியும். மீட்டர் கேஜுக்கு அந்தச் சங்கடம் இல்லை. 1,000 மி.மீ. என்பது எச்ஓவில் பதினொன்றரை. எச்ஓஎம் எனப்படும் தண்டவாளத்தின் இடைவெளி 12. அரை மி.மீ. வித்தியாசத்தைக் கண் கண்டுபிடிக்காது. நம் மீட்டர் கேஜ் வண்டிகள் ஆயத்தமாகக் கிடைப்பது அரிது என்பதால், சுவிட்சர்லாந்து மீட்டர் கேஜ் மாதிரிகளின் அடிச்சட்டத்தை வாங்கி, மேலே நம் பெட்டியின் உடலை அட்டையிலோ பிளாஸ்டிக் தகட்டிலோ செய்து பொருத்த வேண்டியிருக்கும். பொறுமை உள்ளவர்களுக்கு அதுவே நல்ல வேலை.

கேள்வி: மரம், வீடு, சுரங்கம், குளம் எல்லாம் வைத்துவிட்டேன். செலவும் நிறைய ஆகிவிட்டது. ஆனாலும் பார்ப்பவர்கள் ‘பொம்மை ரயில் நல்லா இருக்கு’ என்கிறார்கள். எங்கே குறை?
— வாசகர், தென்காசி

பதில்: உங்கள் புகைப்படத்தைப் பார்த்தேன். பொருள்களில் குறையே இல்லை. தட்டையான பலகையில் முதலில் தண்டவாளம் போட்டிருக்கிறீர்கள். மிச்சமிருந்த இடத்தில் குன்று, குளம் என்று வைத்திருக்கிறீர்கள். உலகத்தில் எந்தப் பாதையும் அப்படிப் போடப்படவில்லை. நிலம் முன்பே இருந்தது. ஓடை எங்கே ஓடுகிறது, பாறை எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் சர்வேக்காரர்கள் கோடு கிழித்தார்கள். பார்ப்பவர் மனத்துக்கு இது தெரியும், வாயால் சொல்லத் தெரியாவிட்டாலும்.

உங்கள் ஊரிலேயே பாடம் இருக்கிறது. செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் பாதை 1904இல் மீட்டர் கேஜாகத் திறந்தது. 2010இல் மூடி, அகலப்படுத்தி, 2018இல் மறுபடி முழுவதும் ஓடத் தொடங்கியது. ஒருமுறை பகல் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து போய் வாருங்கள், கையில் நோட்டுடன். ஓரிடத்தில்கூடப் பாதை காரணமில்லாமல் வளையாது. மலையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போகும். ஒரு பக்கம் வெட்டிய பாறை, மறு பக்கம் பள்ளம். ஓடை வந்தால் பாலம். கழுதுருட்டி அருகே பதின்மூன்று கல் வளைவுகளோடு நிற்கும் பாலம் அழகுக்காகக் கட்டியதல்ல. பள்ளத்தைத் தாண்ட வேறு வழியில்லாமல் கட்டியது. அதனால்தான் அது அங்கே அழகாக இருக்கிறது.

மலை வேண்டாம், வயல்வெளி போதும் என்றாலும் விதி அதுதான். சமவெளியில் பாதை மேட்டுக்கரை மேல் போகும். அந்தக் கரைக்கு மண் எங்கிருந்து வந்தது? பக்கத்திலேயே தோண்டி எடுத்தார்கள். அதனால் பாதையோரம் நெடுக நீளவாக்கில் குழிகள் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அவற்றில் தண்ணீர் நிற்கும், எருமை கிடக்கும், ஆகாயத்தாமரை படரும். கரையின் சரிவு இரண்டுக்கு ஒன்று, அதாவது ஓர் அடி உயரத்துக்கு இரண்டு அடி விரிவு. வாய்க்கால் குறுக்கே வரும் இடத்திலெல்லாம் சிறு மதகு. வேலிக்கு ரயில் கற்றாழை. இந்த நான்கையும் செய்துவிட்டால், வீடு ஒன்றுகூட வைக்காமலே அது தமிழ்நாட்டுப் பாதையாகிவிடும்.

இனி செய்முறை. பலகையை முழுதாகப் போடாதீர்கள். சட்டம் மட்டும் அடித்து, தண்டவாளம் போகும் இடத்துக்கு மட்டும் பிளைவுட் பட்டையை வெட்டி, கட்டைக் கால்கள் மேல் உயர்த்தி நிறுத்துங்கள். மற்ற இடம் காலியாக இருக்கட்டும். அப்போதுதான் நிலத்தைப் பாதைக்குக் கீழே இறக்க முடியும். பாதைக்கு மேலே மலை வைப்பது எல்லாரும் செய்வது. கீழே ஒரு பள்ளத்தை இறக்கிப் பாருங்கள், மொத்தக் காட்சியும் மாறிவிடும். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்து மான்டெரேயில் ஜான் ஆலன் என்பவர் தன் எச்ஓ பாதையில் பள்ளத்தாக்குகளை அறையின் தரை வரைக்கும் இறக்கினார். 1973இல் அவர் இறந்து சில நாள்களிலேயே அது தீயில் அழிந்துபோனது. இன்றும் இந்தக் கலையில் இருப்பவர்கள் அதன் படங்களைப் பார்த்துப் படிக்கிறார்கள்.

மரங்களையும் பாருங்கள். உங்கள் பனை இன்ஜின் உயரம்கூட இல்லை. பதினைந்து மீட்டர் பனை எச்ஓவில் பதினேழு சென்டிமீட்டர் வர வேண்டும். ஒரு சாண் உயர மரத்தைத் துணிந்து நிறுத்துங்கள். ரயில் சிறியதாகத் தெரியும், நிலம் பெரியதாகிவிடும். நமக்கு வேண்டியது அதுதான்.

கேள்வி: ஊட்டி மலை ரயிலை வீட்டில் செய்ய ஆசை. பல்சக்கரம் மாதிரியில் வேலை செய்யுமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கல்லாருக்கு மேல் குன்னூர் வரை பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி ஏறுகிறது அந்தப் பாதை. நூற்றுக்கு எட்டு. சாதாரண மாதிரி இன்ஜின் அதில் சக்கரம் வழுக்கி நின்றுவிடும். சுவிஸ் மலை ரயில்களுக்காக எச்ஓஎம் அளவில் பல்தண்டவாளமும் பல்சக்கர இன்ஜின்களும் செய்து விற்கிறார்கள். விலை அதிகம். நம் எக்ஸ் வகை நீராவி இன்ஜினின் உடலை நீங்களேதான் செய்ய வேண்டும். உண்மையான அந்த இன்ஜின்களில் பழையவை சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் பிறந்தவைதான்.

குன்னூருக்கு மேலே வாருங்கள் என்பேன். 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைதான் பாதை திறந்தது; உதகை வரை போனது 1908இல். அந்த மேல்பகுதியில் பல்தண்டவாளமே கிடையாது. இருபத்தைந்துக்கு ஒன்று என்பதுதான் உச்ச ஏற்றம். இரண்டு மூன்று பெட்டிகளுடன் நல்ல மாதிரி இன்ஜின் அதைச் சமாளிக்கும். கேத்தி அல்லது லவ்டேல் ஸ்டேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். தேயிலைச் சரிவுக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்த்தகட்டைச் சிறு துண்டுகளாகக் கிள்ளி, வரிசை வரிசையாக ஒட்டுங்கள். எச்ஓவில் செடி உயரம் ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். பின்னால் யூகலிப்டஸ், நெட்டையாக, உச்சியில் மட்டும் இலையோடு. மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் வண்டியை மலைமேல் இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும், இழுக்காது. இதை மறந்துவிட்டு முன்னால் மாட்டினால், ஒருமுறை அதில் போனவர்கூடப் பிடித்துவிடுவார்.

குன்னூர் ஸ்டேஷனும் நல்ல தேர்வே. அங்கே வந்த வண்டி உதகைக்குப் புறப்படும்போது சற்றுப் பின்னால் போய், தடம் மாறித்தான் மேலே ஏறும். சின்ன இடத்தில் அவ்வளவு இயக்கம் கிடைப்பது அபூர்வம்.

கேள்வி: ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கரண்ட் சமாச்சாரம் என்பதால் பயம். எதிலிருந்து தொடங்கலாம்?
— ஒரு தாய், மதுரை

பதில்: அம்மா, தண்டவாளத்தில் ஓடுவது 12 வோல்ட் நேர்மின்சாரம், தொட்டாலும் ஒன்றும் ஆகாது. அபாயம் சுவரில் செருகும் 230 வோல்ட் பக்கத்தில்தான். அந்த அடாப்டரைத் தரமானதாக, முத்திரை உடையாததாக வாங்குங்கள். வீட்டில் பிரித்துச் சரிசெய்ய யாரையும் விடாதீர்கள். பிளேடு, சூடான சால்டரிங் இரும்பு, ரெசின் மூன்றும் பெரியவர் கையில் இருக்கட்டும்.

மகளிடம் முதலில் ரயிலைக் கொடுக்க வேண்டாம். ஒரு அடிக்கு ஒரு அடி பலகையும், ஓரடி நீளத் தண்டவாளமும் கொடுங்கள். வைகைக் கரையோ, ஒரு லெவல் கிராசிங்கோ, அவள் பார்த்த ஓர் இடத்தை அதில் செய்யட்டும். மண், ஜல்லி, புல், மரம், நிழல் எல்லாப் பாடமும் அந்தச் சதுர அடிக்குள் வந்துவிடும். அதை முடித்த பிறகும் ஆசை இருந்தால், ஒரு இன்ஜினும் இரண்டு பெட்டியும் வாங்கிக் கொடுங்கள். ஆசை நிச்சயம் இருக்கும்.

கேள்வி: வெளிநாட்டுப் புல்தூளும் மரங்களும் யானை விலை. இங்கே கிடைப்பதை வைத்துச் செய்ய முடியாதா?
— வாசகர், ஈரோடு

பதில்: முடியும். அதுதான் சரியும்கூட. அவர்களுடைய பச்சை நம் பச்சை அல்ல.

மண்ணுக்கு மண்தான். உங்கள் ஊர்ச் செம்மண்ணையோ கரிசலையோ வாணலியில் வறுத்து, மெல்லிய துணியில் சலித்து, ஃபெவிகால் தடவிய பரப்பில் தூவுங்கள். வறுப்பது பூச்சி முட்டை போக. ஜல்லிக்கு எம்-சாண்டைச் சலித்து எடுக்கலாம். 50 மி.மீ. ஜல்லி எச்ஓவில் 0.6 மி.மீ.தான் வரும், பெரும்பாலோர் போடுவது அதைவிடப் பெரிது, தண்டவாளத்துக்கு நடுவே பாறாங்கல் கிடப்பது போலத் தெரியும். போடுவதற்கு முன் பாலிதீன் பையில் காந்தத்தைப் போட்டு மணலுக்குள் புரட்டுங்கள். ஒட்டிக்கொண்டு வரும் கருந்துகள் இரும்பு கலந்தது; அது இன்ஜின் மோட்டாருக்குள் போனால் மோட்டார் போச்சு. ஜல்லியைத் தூரிகையால் ஒதுக்கி அமைத்த பிறகு, தண்ணீரும் ஃபெவிகாலும் சரிபாதி கலந்து, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அந்த ஒரு சொட்டு இல்லாவிட்டால் பசை உருண்டு நிற்கும், உள்ளே இறங்காது.

இலைக்குப் பழைய சோஃபா ஸ்பாஞ்சைத் தண்ணீருடன் மிக்ஸியில் அடித்து, அக்ரிலிக் வண்ணத்தில் பிசைந்து, நிழலில் உலர்த்துங்கள். அந்த மிக்ஸி ஜாரை மறுபடி சமையலுக்கு எடுக்கக் கூடாது. ஒரே பச்சை வேண்டாம். மஞ்சள் கலந்தது, காவி கலந்தது, கறுத்தது என்று நான்கைந்து கிண்ணம் வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த துளசிச் செடியின் கிளைகள் அப்படியே ஒரு பெரிய மரத்தின் கிளை அமைப்பு. ‘என்’ அளவில் தென்னைக்கு ஈர்க்கு போதும். உயரப் புல்லுக்குச் சணல் நூலைப் பிரித்து நறுக்குங்கள். தென்னை நார்க்கழிவுத் தூள், சருகு விழுந்த தோப்புத் தரைக்கு அப்படிப் பொருந்தும்.

மலைக்குச் செய்தித்தாளை மைதாப் பசையில் ஒட்டினால் கரப்பானும் எலியும் வந்துவிடும். பைண்டிங் கடைக்காரர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பது அதற்காகத்தான். அது விஷம் என்பதால் வீட்டில் ஃபெவிகாலே நல்லது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். தை மாதமா, சித்திரையா? அறுவடை முடிந்த தாளடியும் பூத்துக் குலுங்கும் கொன்றையும் ஒரே பலகையில் இருக்க முடியாது. மாதம் முடிவானால் நிறம் தானாக முடிவாகிவிடும்.

கேள்வி: கடற்கரை ஊர். பலகை வளைகிறது, தண்டவாளம் கறுத்து ரயில் நின்று நின்று போகிறது.
— வாசகர், நாகப்பட்டினம்

பதில்: ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் வாங்கி, ஓரங்கள் உட்பட ஆறு பக்கமும் பிரைமர் அடியுங்கள். மேல்பக்கம் மட்டும் அடிப்பதால்தான் வளைகிறது. திருகு பித்தளையில் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில். தண்டவாளம் நிக்கல் சில்வராக இருக்கட்டும். உப்புக்காற்றில் இரும்பு நிற்காது. கறுப்பைத் துடைக்க ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தோய்த்த துணி போதும். உப்புத்தாள் தேய்த்தால் கீறல் விழும், கீறலில் அழுக்கு இன்னும் சீக்கிரம் சேரும். தண்டவாளத் துண்டுகளைக் கோக்கும் இணைப்புத் தகடுகளை நம்பாமல் மீட்டருக்கு ஓரிடத்திலாவது கம்பியைத் தண்டவாளத்தோடு சால்டர் செய்து கீழிருந்து மின்சாரம் கொடுங்கள்.

கேள்வி: வண்டி தானாகத் திரும்பி வர ஒரு வளையம் போட்டேன். பாயிண்டை (தடம் பிரியும் இடத்தை) மாற்றியவுடன் ஷார்ட் ஆகிறது.
— வாசகர், திருச்சி

பதில்: வளையம் சுற்றி வரும்போது இடது தண்டவாளம் வலதைத் தொடுகிறது, பிளஸ்ஸும் மைனஸும் சேர்ந்துவிடுகின்றன. வளையத்தின் இரு முனைகளிலும் இரண்டு தண்டவாளங்களையும் வெட்டிப் பிளாஸ்டிக் இணைப்பு போடுங்கள். வெட்டுகளுக்கு நடுவிலுள்ள நீளம் உங்கள் முழு வண்டியைவிட அதிகமாக இருக்க வேண்டும். அந்தப் பகுதிக்குத் தனியாக ஒரு திசைமாற்றும் ஸ்விட்ச்.

கேள்வி: நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ள நல்ல இடங்கள் உண்டா?
— வாசகர், சேலம்

பதில்: புனேயில் கோத்ரூட் பகுதியிலுள்ள ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகம், 1998 முதல் மக்களுக்குத் திறந்திருக்கிறது. ஒரு தனி மனிதரின் ஆர்வத்தில் வளர்ந்தது என்பதற்காகவே பார்க்க வேண்டும். ஹாம்பர்க்கில் 2001இல் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்ட் அளவில் மலைக்க வைக்கும். ஆனால் ஒரே ஓர் இடம்தான் பார்க்கலாம் என்றால் நான் சொல்வது இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுஷையரிலுள்ள பென்டன் அருங்காட்சியகம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ராய் இங்லண்ட் என்பவர், தான் கண்ட கிராமப்புறம் மாறிக்கொண்டிருப்பதைப் பார்த்து, 1930களின் குடிசைகளையும் வயல்களையும் அட்டையிலும் நீர்வண்ணத்திலும் அப்படியே செய்து வைக்கத் தொடங்கினார். அங்கே ரயிலும் ஓடுகிறது. பார்ப்பவர் கண் ஜன்னல் திரைச்சீலையிலும் தோட்டத்துக் கோஸிலும் நின்றுவிடுகிறது.

கேள்வி: எங்கள் ஊர் மீட்டர் கேஜ் ஸ்டேஷனைக் கேஜ் மாற்றத்தின்போது இடித்துவிட்டார்கள். என் அப்பா அங்கே போர்ட்டராக இருந்தவர். கையில் இருப்பது இரண்டு மூன்று பழைய போட்டோ. அதை வைத்து அளவு சரியாகச் செய்ய முடியுமா?
— வாசகர், அம்பாசமுத்திரம் அருகில்

பதில்: முடியும் ஐயா. போட்டோவுக்குள்ளேயே அளவுகோல் இருக்கிறது. தண்டவாளம் தெரிந்தால் அதன் இடைவெளி 1,000 மி.மீ.; அதே தூரத்தில் நிற்கும் எதையும் அதைக் கொண்டு அளக்கலாம். பூசாத செங்கல் சுவர் என்றால் வரிகளை எண்ணுங்கள். அதே காலத்து ரயில்வே குவார்ட்டர்ஸ் ஏதாவது ஊரில் மிஞ்சியிருந்தால் பத்து வரியின் உயரத்தை டேப் வைத்து அளந்து வாருங்கள், உங்கள் ஸ்டேஷனின் உயரம் கிடைத்துவிடும். ஒரே பாதையில் கட்டிய ஸ்டேஷன்கள் பெரும்பாலும் ஒரே வரைபடத்தில் கட்டியவை. அடுத்தடுத்த ஊர்களில் ஒன்றாவது இடியாமல் நிற்கிறதா என்று போய்ப் பாருங்கள். ஜன்னல், வளைவு, தூண், ஓட்டுக்கூரையின் சரிவு எல்லாவற்றையும் நேராக நின்று படம் எடுங்கள்; பக்கத்தில் ஒருவரை ஓர் அளவுக்கோலுடன் நிறுத்துங்கள்.

இடத்தின் அமைப்புக்கு சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தில் பழைய தடம், குளம், வாய்க்கால் எல்லாம் இருக்கும். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களையும் புரட்டிப் பார்க்கலாம். பிளாட்பாரம், லூப் லைன், மரங்களின் நிழல்கூடச் சில படங்களில் தெரியும்.

எந்தப் படத்திலும் கிடைக்காதவற்றுக்கு அப்பாவைக் கேளுங்கள். தண்ணீர்ப் பானை எந்தத் தூணோரம் இருந்தது, மணி எங்கே தொங்கியது, பார்சலை எந்தக் கதவு வழியாக உள்ளே எடுத்தார்கள், வேப்பமரமா புங்கமரமா, பயணிகள் எந்தப் பக்கத்திலிருந்து குறுக்கே நடந்து வந்தார்கள். ஒரு வெள்ளைத் தாளில் பிளாட்பாரத்தை மட்டும் கோடு போட்டு அவர் முன் வைத்துவிட்டு, பென்சிலை அவர் கையில் கொடுங்கள். அட்டை வெட்டுவதை இந்த மாதம் தள்ளிப்போடலாம், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.